முள்ளம்பன்றி வீட்டு விருந்தாளி

வாழை நட்டு மூன்று மாதம்தான். அதற்குள் அந்த முள்ளம்பன்றி கிழங்கைக் குடைந்து தின்று பாதிக் கன்றைச் சாய்த்துவிட்டது. வளையில் மிளகாய்ப் புகை போட்டு வாயை அடைத்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றவள் நான்தான். என் வீட்டுக்காரர் செல்லப்பாண்டி கோழி அறுக்கவே யோசிக்கிற ஆள்.

ஆடிச் சாரலில் எங்கள் ஊர் பண்ணைப்புரமே மங்கிக் கிடந்தது. நெருப்புச் சட்டியோடு வளைக்குப் போனோம். வரப்பில் ஒரு கறுத்த பறவை, நிற்க முடியாமல் நெஞ்சால் தவழ்ந்து நேரே வளைக்குள் போனது. தூக்கத்தில் பார்க்கிறேனோ என்றிருந்தது.

செல்லப்பாண்டி அதற்குள் படம் எடுத்து, பறவை பார்க்க ஊர் ஊராகத் திரிகிற ராயப்பன்பட்டி ஷீபா டீச்சருக்கு அனுப்பினார். உடனே அழைப்பு வந்தது, நான் எடுத்தேன்.

"உமாக்கா, அது கடல் பறவை. காத்து அடிச்சு மலைக்கு இங்கிட்டுக் கொண்டாந்து போட்ருக்கு. உலகத்துலயே கொஞ்சந்தான் மிச்சம். தீவுல வளைக்குள்ளதான் முட்டையிடும். இருட்டுனாத்தான் வெளிய வரும்."

"இங்கன கெடக்குற முள்ளம்பன்றியும் அப்படித்தானே டீச்சர்?"

"அது நெறைய இருக்குக்கா. பறவையக் காப்பாத்துங்க. தரையில இருந்து அதால எந்திரிக்க முடியாது. மேட்டுல நின்னு எதிர்காத்துல விடணும்."

குப்புறப் படுத்துத் தோள்வரை கையை விட்டேன். இறகு தட்டுப்பட்டது. அதை ஒட்டியே முள் சலசலத்தது. குத்தப்போகிறது என்று பல்லைக் கடித்தேன். குத்தவில்லை. ஒரு உடம்பு மெல்ல நகர்ந்து வழிவிட்டது. அதன் மூச்சு வெதுவெதுப்பாக என் விரலில் பட்டது.

பறவையை முந்தானையில் பொதிந்து பக்கத்துக் கரட்டு மேட்டின் உச்சிக்கு ஏறினேன். காற்று வந்த மேற்குப் பக்கம் திரும்பி நின்று கைகளை விரித்தேன். பறவை சட்டென்று கீழே சரிந்தது. ஐயோ, போச்சு என்று நினைத்தேன். அதற்குள் நீளச் சிறகு விரிந்தது, காற்று அதை ஏந்திக்கொண்டது. சாரலுக்குள் மறையும்வரை பார்த்தேன். காரணமே தெரியாமல் அழுதேன்.

கீழே செல்லப்பாண்டி சட்டியில் கங்கு அணையாமல் ஊதிக்கொண்டிருந்தார்.

"போயிருச்சுல்ல? புகையப் போட்ருவமா?"

"வேணாங்க."

"நேத்துவரைக்கும் அந்த ஆட்டம் ஆடுன?"

"அதுக்குக் கடல் இருக்கு, போயிருச்சு. இது எங்கிட்டுப் போகும்?"

அவர் சாய்ந்து கிடந்த கன்றுகளைப் பார்த்தார். எனக்கும் அவற்றைப் பார்க்கப் பார்க்கக் கோபம்தான். ஆனாலும் கங்கில் தண்ணீரை நானே ஊற்றினேன்.