உள்ளேன் ஐயா

காட்பாடி ஆசிரியர் ஐசக்கின் வீட்டுக்கு 2007இல் இணையம் வந்தது. அன்றிலிருந்து விடிந்ததும் கணினியைத் திறந்து விபத்துச் செய்திகளைத் தேடித் தேடிப் படித்தார். நிறுத்த நினைத்தாலும் முடியவில்லை; இரவுத் தூக்கமும் கெட்டது.

ஒரு திங்கட்கிழமை வகுப்பில் பெயர் வாசித்தார். நான்கு பெயர்களுக்குப் பதிலில்லை. ஐந்தாவதாக, "தேன்மொழி" என்றார்.

"உள்ளேன் ஐயா" என்றது கடைசி பெஞ்சிலிருந்து ஒரு குரல். அங்கே யாரும் இல்லை.

"சார், அந்தப் பேர்ல நம்ம கிளாஸ்ல யாரும் இல்லியே" என்றாள் மாணவி ஸ்வேதா.

பதிவேடு இன்னும் மூடியே இருந்தது. அவர் வாசித்தவை, காலையில் படித்த பேருந்து விபத்தில் இறந்தவர்களின் பெயர்கள்.

மாலையில் மனைவி ஜெயபுஷ்பத்திடம், "நெட்ட கட் பண்ணிடு. என்னை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போ" என்றார்.

சிகிச்சையில் தூக்கம் திரும்பியது. ஆனாலும் பிறகெல்லாம், ஒவ்வொரு பெயருக்கும் நிமிர்ந்து முகத்தைப் பார்த்த பின்பே அடுத்ததை வாசித்தார்.