பெட்டி துள்ளியது

மண்டியில் மூட்டை இறக்குகிறவர்களுக்கு ஒரு வீம்பு உண்டு. மண்டி வாசலில் வந்து நிற்கிற வண்டி எதுவானாலும் சரி, அதிலிருந்து ஒரு துரும்பு கீழே இறங்குவதானாலும் அவர்கள் தோளில்தான் இறங்க வேண்டும். வியாபாரி அவசரத்துக்குத் தானே ஒரு மூட்டையைத் தொட்டால்கூட விடமாட்டார்கள். "தள்ளி நில்லுங்கண்ணே, இடுப்பு புடிச்சுக்கிட்டா அண்ணி எங்களைத்தான் திட்டும்" என்று சிரித்துக்கொண்டே வண்டியை மறித்துக்கொள்வார்கள். நல்ல வீம்புதான், நான் குறை சொல்லவில்லை. ஆனால் போன வருஷம் அந்த வீம்பே வினையாக வந்து முடிந்தது.

அன்றைக்கு வாசலில் வந்து நின்றது ராணுவ வண்டி. உள்ளே பெட்டியில் வந்திருந்தவன் மேஸ்திரியின் மகன்.

மேஸ்திரி என்றால் அந்த மண்டியின் சுமைக்காரர்களுக்கெல்லாம் தலைவர். வயசு ஐம்பதைத் தாண்டியும் ஆள் இன்னும் கல்லுமாதிரி. அவர் தோளுக்கும் தராசுக்கும் சண்டை வந்தால் தராசைத்தான் பழுது பார்க்க அனுப்புவார்கள். மூட்டையைத் தூக்கி இரண்டு எட்டு வைப்பதற்குள், "இது குறையுதே, யாரு கட்டினது?" என்பார். நிறுத்துப் பார்த்தால் குறையும். "எனக்குத் தப்பிடுச்சு" என்று அவர் வாயிலிருந்து ஒரு நாளும் யாரும் கேட்டதில்லை. கொஞ்சம் கர்வம் பிடித்த மனுஷன்தான்.

மகனை ஊரே அணில் என்றுதான் கூப்பிட்டது. கூரையை முட்டும் அடுக்கின் மேல், மூட்டைக்கு மூட்டை தாவி அத்தனை வேகமாக ஏறுவான். முதல் தடவை பட்டாளத்துக்கு ஆள் எடுத்தபோது எடை போதாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். வந்தவன் அடுப்படியிலேயே குடியிருந்தான். "நீ பட்டாளத்துல சேர்றதுக்குள்ள நம்ம வீட்டுப் பானை தேய்ஞ்சிடும்டா" என்று அம்மாக்காரி திட்டுவாள், திட்டிக்கொண்டே இன்னொரு கரண்டி போடுவாள். அடுத்த தடவை எடுத்துக்கொண்டார்கள். முதல் விடுமுறைக்கு வந்தவனைப் பார்த்து மண்டியே வாயைப் பிளந்தது. அந்தத் தோளும் மார்பும்! மேஸ்திரி அவனை அலாக்காகத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு மண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து, "ஒண்ணரை மூட்டை தேறுவான்டா என் பிள்ளை" என்று கத்தினார். "இறக்குப்பா, மானம் போகுது" என்று அவன் மேலே கிடந்து சிரித்தான். அதற்கப்புறம் அவனை உயிரோடு யாரும் பார்க்கவில்லை. எல்லையில் சண்டை மூண்டுவிட்டது.

ராணுவ வண்டியிலிருந்து பெட்டியை இறக்க ஜவான்கள் வரிசையாக நின்றார்கள். மேஸ்திரி முன்னால் போய், "ஐயா, இது எங்க மண்டி, எங்க பிள்ளை. நாங்க இறக்கிக்கறோம்" என்றார். அதிகாரி அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டார். மேஸ்திரி, அவர் மச்சான், இன்னும் இரண்டு கூட்டாளிகள், ஆக நாலு பேர் அடியில் தோள் கொடுத்தார்கள். முழங்காலை மடக்கி, மூச்சைப் பிடித்து, ஒண்ணரை மூட்டைக்கும் அதன்மேல் பலகைக்குமாக உடம்பை முறுக்கி வைத்துக்கொண்டார்கள். "ம்" என்றார் மேஸ்திரி.

பெட்டி துள்ளியது.

காலிக் குடத்தை நிறைகுடம் என்று நினைத்துத் தூக்கினால் கை தானாக மேலே போகுமே, அப்படி. தொழில் தெரியாதவனாக இருந்திருந்தால் இது நடந்திருக்காது, முக்கி முனகித் தூக்கியிருப்பான். இவர்கள் பழகிய ஆட்கள். கனத்தைப் பார்ப்பதற்கு முன்பே கனத்துக்குத் தயாராகிற உடம்பு. நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பெட்டியைத் திறக்கக்கூடாது என்று அதிகாரி தணிந்த குரலில் சொன்னார். அப்படியே கொண்டுபோய்ப் புதைத்தார்கள்.

ஆனால் அணிலின் அம்மா பார்த்துவிட்டாள். சுமைக்காரன் பொண்டாட்டி அவள். ஆயுசு முழுக்க அதே மண்டியில் உட்கார்ந்து தானியம் சலிக்கிறவள். ஒரு மூட்டை தோளில் ஏறுகிற விதத்தைப் பார்த்தே உள்ளே தவிடா நெல்லா என்று சொல்லிவிடுவாள். எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்ததும், மற்றவர்கள் அழுதுகொண்டிருக்க, அவள் மட்டும் கண்ணில் சொட்டுத் தண்ணீர் இல்லாமல் புருஷனைக் கேட்டாள்.

"ஏங்க, பெட்டி துள்ளிச்சே, ஏன்?"

அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அது போதாதா அவளுக்கு? பெட்டியில் இருந்தது தன் பிள்ளை இல்லை என்று முடிவு கட்டிவிட்டாள். யாராவது துக்கம் விசாரிக்க வந்தால், "எதுக்கு? என் பிள்ளை எங்கயோ அடிபட்டுக் கிடக்கான், வருவான்" என்று வாசலோடு திருப்பி அனுப்பினாள். அவன் சட்டைகளை வெயிலில் போட்டுப் போட்டு மடித்து வைத்தாள். மண்டியில் சல்லடையோடு உட்காரும் இடத்தைக்கூட மாற்றிக்கொண்டாள். பஸ் வந்து நிற்பது நேராகத் தெரிய வேண்டுமாம். சுமைக்காரர்கள் சேர்ந்து அணில் பேர் வெட்டிய ஒரு கல்லை மண்டி வாசலில் நட ஏற்பாடு செய்தார்கள். கல்லுக்குத் தோண்டிய குழிக்குள் இறங்கி நின்றுகொண்டாள் மகராசி. "உயிரோட இருக்கற பிள்ளைக்குக் கல்லு நடறீங்களே, நீங்கள்லாம் பிள்ளை பெத்தவங்கதானா?" என்று அவள் கேட்ட கேள்வியில் கல்லைத் தூக்கிக் குடோனுக்குப் பின்னால் போட்டுச் சாக்கால் மூடிவிட்டார்கள்.

மேஸ்திரி ரொம்பப் பொறுமைசாலி, பொண்டாட்டியின் பைத்தியத்தைச் சகித்துக்கொண்டு போகிறார் என்று ஊர் பேசிக்கொண்டது. ஊருக்கென்ன தெரியும்? அவரும் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள், இவர் மூட்டைக்கு அடியில் குனிந்துகொண்டு பார்த்தார். தன் தோள் பொய் சொல்லாது என்று அவருக்குத் தெரியும். அந்தப் பெட்டியில் இருந்தது ஒண்ணரை மூட்டை இல்லை, அரை மூட்டைகூட இல்லை. அப்படியானால் பெட்டி மாறியிருக்கலாம். எதிரி பிடித்து வைத்திருக்கலாம். அடிபட்டு நினைவு தப்பி ஏதாவது ஆஸ்பத்திரியில் கிடக்கலாம். பெட்டியில் வந்தது வேறு யார் பெற்ற பிள்ளையோ, அந்தப் பக்கம் மட்டும் நினைப்பை விடமாட்டார். நப்பாசைதான். அந்த நப்பாசை மட்டும் இல்லாவிட்டால் அவர் ஒரு நாள்கூட எழுந்து வேலைக்கு வந்திருக்க மாட்டார்.

வருஷம் திரும்புகிற சமயம், மத்தியான பஸ்ஸிலிருந்து ஒரு பையன் இறங்கினான். பட்டாளத்துக் கிராப்பு, அகலமான தோள், ஒரு பக்கம் கக்கத்தில் ஊன்றுகோல். அணிலின் அம்மா சல்லடையைப் போட்டுவிட்டு எழுந்து ஓடினாள். தானியம் முழுக்கச் சிதறியது. பாதி வழியில் முகம் தெரிந்ததும் நின்றாள். திரும்பி வந்து, சிதறியதைக் கையால் கூட்ட ஆரம்பித்தாள். பார்த்த எங்களுக்கே தாங்கவில்லை என்று சலிக்கிற பெண்கள் இன்னும் சொல்லி மாய்கிறார்கள்.

பையன் யாரையோ விசாரித்துக்கொண்டு மேஸ்திரியிடம் வந்தான். "அணிலோட ஒரே பிரிவுல இருந்தேன்ப்பா. இந்தக் காலு சரியாகி இப்பத்தான் நடக்க விட்டாங்க" என்றான். மேஸ்திரி அவனைக் கையைப் பிடித்துக் குடோனுக்குள், அடுக்குக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்கார வைத்தார்.

"தம்பி, மறைக்காம சொல்லு. ஆள் மாறிப்போச்சா?"

"இல்லப்பா."

"பெட்டியில கனமே இல்லையேடா. நான் தூக்கினேன். எனக்குத் தெரியாதா? அது என் பிள்ளை கனம் இல்ல."

பையன் ஊன்றுகோலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாங்க ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் உக்காந்திருந்தோம். தண்ணி எடுக்க நான் நாலடி போனேன். குண்டு நேரா அவன் மேலதான் விழுந்துச்சு. அப்புறம் மத்தவங்க கிடைச்சதை எடுத்து வச்சாங்க. நான் அடிபட்டுக் கிடந்தும் கத்திக்கிட்டே இருந்தேன், வேற யாரோடதும் அவனோட கலந்துடக் கூடாதுன்னு. பாத்துப் பாத்துத்தான்ப்பா எடுத்தாங்க." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "கொஞ்சந்தான்ப்பா கிடைச்சுது."

மேஸ்திரி மூட்டையில் சாய்ந்துகொண்டார். ஒரு வருஷமாக அவரை நடமாட வைத்த ஒரே ஒரு ஆசை, அதுவும் போயிற்று. அட கடவுளே, என் தோளாவது தப்பாக இருந்திருக்கக் கூடாதா என்று நினைத்தார்.

"அம்மாகிட்டயும் சொல்லணும்னுதான் வந்தேன்" என்றான் பையன்.

"வேணாம். இதை நீ சொல்லாத."

சொல்லி வாய் மூடவில்லை, அவள் ஒரு சொம்புத் தண்ணீரோடு வந்து நின்றாள். பின்னாலேயே அவள் தம்பி, அன்றைக்குப் பெட்டிக்குத் தோள் கொடுத்த மச்சான், என்ன நடக்குமோ என்று பதறிக்கொண்டு வந்தான். அவள் சொம்பைப் பையன் கையில் கொடுத்துவிட்டு, சாதாரணமாக, வீட்டுக்கு வந்த பிள்ளையை விசாரிப்பதுபோல் கேட்டாள்.

"என் பிள்ளை எங்கப்பா இருக்கான்?"

பையன் மேஸ்திரியைப் பார்த்தான்.

"இவனைக் கேட்டா உங்களைப் பாக்கறான். சரி, உங்களையே கேக்கறேன். ஒரு வருஷமா கேக்கறேன், வாயில பூட்டுப் போட்டுக்கிட்டீங்க. பெட்டி துள்ளிச்சா இல்லையா?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். முடி எப்போது இத்தனை நரைத்தது? இப்போதும் வாயை மூடிக்கொண்டால் சாகிற வரைக்கும் இவள் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உள்ளதைச் சொல்லிவிட்டாலோ, அந்தக் கொஞ்சத்தை நினைத்து நினைத்தே செத்துப்போவாள். அதை ஒரு ஆள் சுமந்தால் போதும் என்று அவருக்குத் தோன்றியது.

"துள்ளிச்சு" என்றார். "எனக்குத் தப்பிடுச்சு."

"உங்களுக்கா?"

"யானைக்கும் அடி சறுக்கும். பெத்த பிள்ளையைத் தூக்கறப்ப எவனுக்குடி நிதானம் இருக்கும்? வெறி புடிச்சவன் மாதிரி எம்பிட்டேன். நான் எம்பினதுல மத்தவங்களும் எகிறிட்டாங்க. அப்புறம் தோள்ல வந்து உக்காந்துச்சு பாரு, நல்ல கனம். நம்ம பிள்ளை கனம்தான்."

"முழுசாவா?"

"முழுசா இருந்தான்."

அவள் தம்பி பக்கம் திரும்பினாள். "டேய், நீ சொல்லு. நீயும்தானே தூக்கினே? உங்க மாமா பொய் சொன்னாலும் நீ அக்காகிட்ட பொய் சொல்லமாட்டே."

மச்சான் மாமாவை ஒரு தரம் பார்த்துக்கொண்டான். "ஆமாக்கா. கனம்தான். மாமா அவசரப்பட்டுட்டாரு."

அவள் தரையில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்து அழுகையும் சேர்ந்து வந்தது. "ஐயோ, என் ராசா! அம்மா நம்பலையேடா! ஒரு பிடி மண்ணுகூட உன்மேல போடலையேடா, பாவி நான்!" என்று மார்பில் அடித்துக்கொண்டு புரண்டாள். சலிக்கிற பெண்கள் ஓடிவந்து பிடித்துக்கொண்டார்கள். குடோன் வாசலில் வண்டிகள் இறக்காமல் நின்றன. ஒரு வியாபாரியும் ஏன் என்று கேட்கவில்லை. பையன் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதான். மேஸ்திரி அழவில்லை. முழுசாகச் சொன்ன பொய்க்கு நடுவில் அழுகை வந்தால் உண்மையும் கூடவே வந்துவிடும் என்று பயந்தார்.

வெயில் இறங்குகிற நேரத்துக்கு அவள் ஓய்ந்தாள். முகத்தைக் கழுவச் சொன்னதும் கழுவினாள். வந்த பிள்ளைக்குச் சோறு போட வேண்டும் என்று தானே சொன்னாள். அந்தக் கல்லை எடுத்து நடச் சொல்லித் தம்பியிடம் சொன்னாள். பிறகு மேஸ்திரிக்குப் பக்கத்தில், மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"நீங்க எந்தப் பக்கம் தூக்கினீங்க? தலைமாடா, கால்மாடா?"

"தலைமாடு."

"எந்தத் தோளு?"

அவர் வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அவள் கையை நீட்டி, காய்ப்புக் காய்த்துத் தடித்துப்போன அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தாள். குழந்தையின் தலையைத் தடவுகிறதுபோல் மெல்லத் தடவினாள்.

"இங்கதான் படுத்திருந்தான், இல்ல?"

"ஆமா."

அவள் கொஞ்ச நேரம் கையை எடுக்கவே இல்லை. பிறகு கேட்டாள்.

"அந்தக் குலுக்கல்ல அவனுக்கு வலிச்சிருக்குமோ?"

"இல்ல" என்றார் மேஸ்திரி. "நான் உடனே கெட்டியா புடிச்சுக்கிட்டேன்."