மெல்லிய துணி உறை

மாமா, அதாவது என் அக்கா வீட்டுக்காரர், ஒரு கருவியை என் மேஜைமேல் பிரித்துப் போட்டார். பச்சைக் குழந்தைகளின் இதயத்துடிப்பைக் கேட்பதற்கென்று பெரிய கம்பெனி ஒன்று புதிதாக விற்பது. உள்ளே மைக், இரைச்சலை நீக்கும் வடிகட்டி, வயர் போகும் வழி எல்லாம் அச்சு அசல் மாமா செய்த கருவியேதான்.

"பட்டப்பகல் கொள்ளைம்மா இது! கேஸ் போடு" என்றார்.

மாமா ஆஸ்பத்திரி மிஷின்களை ரிப்பேர் செய்பவர். இதயக் கோளாறோடு பிறந்த அவர்களுடைய பாப்பா இறந்த பிறகு, ராப்பகலாக உட்கார்ந்து தன் கருவியைச் செய்து, அதற்குக் காப்புரிமையும் வாங்கியிருந்தார். காசெல்லாம் அவருக்குப் பொருட்டே இல்லை. இது பாப்பாவுக்காக அவர் செய்தது என்று ஒரு நீதிபதி வாயால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

நான் காப்புரிமை வக்கீல். அவருடைய உரிமைக்கூற்றைத் திரும்பத் திரும்பப் படித்தேன். தன் கண்டுபிடிப்பு இன்னது என்று வேலி போடும் வாக்கியம் அது. அதில் சொன்ன ஒவ்வொன்றும் அடுத்தவன் கருவியிலும் இருந்தால்தான் திருட்டு. ஒன்று குறைந்தாலும் அவன் தப்பித்துவிடுவான். அதனால் நாங்கள் கஞ்சப்பிசினாறிகளாகத்தான் எழுதுவோம். யாரையும் கேட்காமல் தானே எழுதிய இந்த மனுஷனோ மனசில் இருந்ததையெல்லாம் கொட்டியிருந்தார். மைக், வடிகட்டி, கூடவே 'குழந்தையின் தோலில் குளிர்ச்சி படாதபடி உலோகத்தை மூடும் மெல்லிய துணி உறை'.

மேஜைமேல் இருந்ததில் துணி இல்லை. வெறும் உலோகம்.

"துணியை எதுக்கு மாமா எழுதித் தொலைச்சீங்க?" கத்தியே விட்டேன்.

"டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை நெஞ்சுல வச்சாலே பாப்பாவுக்குத் தூக்கிவாரிப் போடும்மா. வீறிட்டு அழுவா. துணி இல்லாம எப்படி எழுதறது?"

இருந்தும் சொல்லித்தானே ஆக வேண்டும்? "கேஸ் நிக்காது மாமா. இனிமே மாத்தி எழுதவும் வழியில்ல."

கோபப்படுவார் என்று நினைத்தேன். கருவியைக் கையில் எடுத்து, கட்டைவிரலால் உலோகத்தைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"எல்லாத்தையும் எடுத்தவங்க துணியை மட்டும் ஏன் விட்டாங்க?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "அதையும் போட்டா உங்ககிட்ட மாட்டிக்குவாங்க. அவங்க வக்கீல் வேணாம்னு சொல்லியிருப்பான்."

"அப்போ என்னாலதான் குழந்தைங்களுக்குச் சில்லுனு படுதா?"

மாமா கருவியை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

"உரிமை வேணாம்னு எழுதும்மா, கையெழுத்துப் போடறேன். துணியைப் போட்டுக்கச் சொல்லு அவங்கள."

சொல்லும்போதே குரல் உடைந்து மாமா அழுதார். நானும் அழுதேன்.