ரெண்டு போன் உயரம்

கட்டடம் நடக்கிற இடங்களில் அவரை ‘ரெண்டு போன்’ என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக வருகிறவன், ஆள் நல்ல வசதி போல, இரண்டு போன் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்வான். இருந்தது ஒன்றே ஒன்று. அதுவும் கண்ணாடி நொறுங்கி, மேல் பாதியில் விரலை வைத்தால் கீழ் பாதியில் என்னவோ திறந்துகொள்கிற போன்.

டைல்ஸ் ஒட்டுவது அவர் தொழில். நான்கு வருடத்துக்கு முன்பு ஒருநாள் அளவு டேப்புக்குள் சிமெண்ட் புகுந்து, வெளியே நீட்டிய நாக்கை அது உள்ளே இழுக்கவே மாட்டேன் என்றது. கடுப்பில் சட்டைப்பையிலிருந்த போனை எடுத்து டைல் மேல் வைத்துப் பார்த்தார். ரப்பர் கவரோடு சேர்த்து மிகச் சரியாகப் பாதி டைல். இரண்டு போன் வைத்தால் ஒரு டைல், முப்பது சென்டி. அன்றோடு டேப் பைக்கு அடியில் போனது. “ரெண்டு போன் உயரத்துல கோடு போடு” என்று அவர் சொல்லச் சொல்ல, அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது.

அந்தப் போனைத்தான் மகள் மாற்றினாள். தையல் கம்பெனியில் சேர்ந்து முதல் சம்பளம் வாங்கிய சூட்டோடு அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனாள்.

“எதுக்குமா இதெல்லாம்? இது நல்லாத்தானே இருக்கு.”

“நல்லா இருக்கா? நேத்து நீ எனக்குப் போன் பண்ணல, உன் பாக்கெட் பண்ணுச்சு. அரை மணி நேரம் டைல் வெட்டுற சத்தத்தைக் கேட்டுட்டு உட்கார்ந்திருந்தேன்.”

பழையதைக் கொடுத்துவிட்டால் விலையில் கொஞ்சம் தள்ளுவார்களாம். கடைக்காரப் பெண் அதை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தாள். சார்ஜர் சொருகும் ஓட்டையிலிருந்து சிமெண்ட் தூள் மேஜை மேல் கொட்டியது. “சார், இதுக்குள்ள வீடே கட்டலாம் போல” என்றாள். மகள் சிரித்தாள். அவரும் சிரித்துவைத்தார்.

புதுப் போன் வழவழவென்று இருந்தது. மீன் மாதிரி கையிலிருந்து நழுவப் பார்த்தது. கைரேகை கேட்டது. சுண்ணாம்பும் சிமெண்டும் தின்று தீர்த்த விரலில் ரேகைக்கு எங்கே போவது? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்து, கடைசியில் இடது கைச் சுண்டு விரலை மட்டும் ஏற்றுக்கொண்டது. இனி யாருக்காவது பேச வேண்டுமென்றால் சுண்டு விரலை நீட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

மறுநாள் லேசுப்பட்ட நாள் இல்லை. அப்போது அவர் வேலை பார்த்த கட்டடத்தில் நாற்பது பாத்ரூம். மாதிரிக்கு ஒன்றை முடித்துக் காட்டச் சொல்லியிருந்தார் இன்ஜினியர் மேடம். நெஞ்சு உயரம் வரை ஒட்டினால் போதும். நாலு மணிக்கு வந்து பார்ப்பார். பிடித்தால் நாற்பதும் இவருக்கு, ஒரு வருடத்துக்கு வேலை தேடி அலைய வேண்டாம். பிடிக்காவிட்டால் வேறு ஆள் தயாராக இருந்தான்.

கூட வேலை செய்கிறவன் மனைவியின் தம்பி. நாற்பதைத் தாண்டிய ஆள். கை எவ்வளவு வேகமோ வாய் அதைவிட வேகம்.

கறுப்புத் தரை டைல் முந்தின நாளே போட்டாகிவிட்டது. சுவர்தான் பாக்கி. சுவருக்கு வெள்ளை. கீழ் வரிசையை எப்போதும் கடைசியில்தான் ஒட்டுவது. தண்ணீர் ஓடத் தரை சரிந்திருக்கும், அதற்குத் தக்கபடி வெட்டி ஒட்ட வேண்டும். அதனால் ஒரு டைல் உயரம் விட்டுச் சுவரைச் சுற்றிக் கட்டை அடித்து, அதன் மேல் இரண்டாவது வரிசையை உட்காரவைத்து மேலே போவார்கள். அவர் வழக்கம்போல் சட்டைப்பையில் கைவிட்டார். ஒரு போன், அதன் மேல் இன்னொரு போன், பென்சிலால் ஒரு கோடு. ரசமட்டம் வைத்து நாலு சுவருக்கும் கோட்டை ஓட்டினார். கட்டை அடித்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று வரிசை ஏறிவிட்டது. அப்படி ஒரு ஓட்டம்.

சாப்பிட்டு வந்து கட்டையைக் கழற்றினார்கள். மச்சினன் ஒரு டைலைக் கீழே நிறுத்திப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே குந்தியிருந்தான்.

“மாமா.”

“என்ன?”

“டைல் சின்னதாயிடுச்சு.”

“போதும்டா, விளையாடாம ஒட்டு.”

“நீயே வந்து பாரு.”

டைலுக்கும் மேல் வரிசைக்கும் நடுவே இடைவெளி வாயைப் பிளந்துகொண்டிருந்தது. இரண்டு விரல் தாராளமாகப் போனது. அவருக்கு முதலில் ஒன்றும் ஓடவில்லை. பிறகு கை தானாகச் சட்டைப்பைக்குப் போனது. புதுப் போனை எடுத்து டைல் மேல் வைத்தார். பாதி டைலைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு போனுக்கு ஒண்ணேகால் சென்டி என்றால் இரண்டு போனுக்கு இரண்டரை.

“அடப்பாவி” என்றார். யாரை என்று அவருக்கே தெரியவில்லை.

மச்சினன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “ஊரு உலகத்துல புதுப் போன் வாங்குனா நம்பர் தொலையும், போட்டோ தொலையும். உனக்கு மட்டும்தான் மாமா அளவே தொலையுது.”

“வாயை மூடு. மணி என்ன?”

“உன் சுண்டு விரலை வச்சுப் பாரு.”

ஒன்றரை. மூன்று வரிசையையும் பெயர்த்தால் டைல் உடையும், நாலு மணிக்கு மொட்டைச் சுவரைத்தான் காட்ட முடியும். கலவையால் இடைவெளியை அடைத்தால் குருடனுக்குக்கூடத் தெரியும். அவர் வாசலுக்கு வந்து பீடியைப் பற்றவைத்தார். எதிரே தரை டைலை வெட்டிப்போட்ட கறுப்புத் துண்டுகள் குவியலாகக் கிடந்தன. இரண்டு இழுப்பு இழுத்தார். மூன்றாவதை இழுக்காமல் பீடியைப் போட்டு மிதித்தார்.

“மாப்ள, மிஷினை எடு. அந்தக் கறுப்புத் துண்டை எல்லாம் ரெண்டரை சென்டிக்கு வெட்டு.”

“டேப்ல அளக்கவா, போன்லயா?”

“டேப்ல. தூக்கிப்போட்டு மிதிச்சேன்னா பாரு.”

வெள்ளைக்கு நடுவே கறுப்புப் பட்டை, முழங்காலுக்குக் கீழே சுவரைச் சுற்றி ஓடியது. மூலையில் இணைப்பே தெரியவில்லை. கடைசித் துண்டைத் துடைக்கும்போது படியில் செருப்புச் சத்தம்.

இன்ஜினியர் மேடம் உள்ளே வந்தார். ரசமட்டத்தை வாங்கி வைத்துப் பார்த்தார். சாவியால் ஒவ்வொரு டைலையும் தட்டிக் காதைக் கொடுத்தார். பட்டைக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

“வரைபடத்துல இது இல்லையே. யாரு போடச் சொன்னா?”

மச்சினன் கண்ணைக் காட்டினான், டிசைன் என்று சொல்லச் சொல்லி. அவர் ஒருகணம் அதை யோசிக்கவும் செய்தார். ஆனால் பொய் சொல்லி நாற்பது பாத்ரூம் வாங்கினால், நாற்பது தடவை அந்தப் பொய்யைத் தாண்டித்தான் குனிய வேண்டும்.

“யாரும் சொல்லல மேடம். அளவு தப்பிடுச்சு. பொண்ணு புதுப் போன் வாங்கிக் குடுத்துச்சு, அது பழசைவிட நீளம்.”

மேடத்துக்கு அது புரிய இரண்டு முறை சொல்ல வேண்டியிருந்தது. புரிந்ததும் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்தார். பிறகு வெளியே கறுப்புக் குவியலைப் பார்த்தார்.

“இதெல்லாம் லாரி வச்சுக் குப்பைக்குத்தான் அனுப்பணும்” என்றார். “வெறும் வெள்ளையா இருந்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்னு நானே நினைச்சேன். நாற்பதுலயும் இதே மாதிரி போடுங்க. இதே உயரம். ஒரு மில்லி மாறக் கூடாது.”

“மாறாது மேடம்” என்றார் அவர். சட்டைப்பையை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மேடம் படியிறங்கும்போதே போன் அடித்தது. மகள்.

“அப்பா, போன் எப்படி இருக்கு? பழகிடுச்சா?”

“அருமையா இருக்குமா. ரெண்டு போன் சரியா இருக்கு.”

“என்னது? சரி, கேளு. அது வழுக்குதுன்னு சொன்னியே, நல்லாத் தடிமனா ஒரு ரப்பர் கவர் வாங்கி வச்சிருக்கேன். சாயங்காலம் மாட்டிடலாம்.”

பேயைக் கண்டவர்போல் அலறினார் அவர். “ஐயோ தாயே, கவரெல்லாம் கூடாது! நாற்பது பாத்ரூம் முடியட்டும்!”