பத்துக்கு எத்தனை

மகளின் கால் எக்ஸ்ரே படத்தில் ஒன்றும் இல்லை என்று கிளினிக் டாக்டர் சொல்லிப் பதினைந்து நாளாகிவிட்டது. அப்புறம் எதற்கு இன்னொரு இடம் என்று இராமசாமிக்கு விளங்கவில்லை. மகள் தினேஸ்வரி கூப்பிட்டாள், வந்தார். ஈப்போவில் ஒரு கடைவீட்டின் மாடியில் இருந்தது அந்தப் பிசியோ அறை. அவரை ஓரமாக ஒரு நாற்காலியில் உட்காரவைத்தார்கள்.

தினேஸ்வரிக்கு இருபத்து நாலு வயது. பகலெல்லாம் துணிக்கடையில் நின்றே வேலை. வேலை விட்டதும் பரதம். ஏழு வருஷம் கூட்டத்தில் ஒருத்தியாக ஆடியவளுக்கு அன்னபூரணி டீச்சர் இப்போதுதான் தனியாக ஆட ஒரு மணி நேரம் கொடுத்திருக்கிறார். நிகழ்ச்சிக்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதற்காக அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, கார் நிறுத்தும் சிமெண்டுத் தரையில், ஒரு நாள் விடாமல் தட்டி ஆடிக்கொண்டிருந்தாள். வலது காலில் முன் எலும்பு வலிக்கிறது என்றாள். இராமசாமி தைலம் வாங்கிக் கொடுத்து, "தாஹான் பண்ணு, போயிடும்" என்றார். பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொள்வது. சுங்காய் ஊர்த் தோட்டத்தில் ரப்பரும் செம்பனையுமாக முப்பது வருஷம் உழைத்த அவருக்கு அதுதான் மருந்து.

பிசியோ ஷாமினிக்கு மகளின் வயதுதான் இருக்கும். "வலி பத்துக்கு எத்தனை போடுவீங்க?" என்றாள்.

"மூணு."

"டாக்டர்கிட்டயும் மூணுதான் சொன்னீங்களா?"

"ஆமா."

ஷாமினி கட்டைவிரலால் எலும்பின் மேல் அழுத்திக்கொண்டே இறங்கினாள். ஓரிடத்தில் தினேஸ்வரியின் தோள் தூக்கிப்போட்டது. முகம் மட்டும் அசையவில்லை.

"இப்ப?"

"மூணு. மூணரை."

"மூணரைக்கா இப்படி வேர்க்குது?" ஷாமினி கையை எடுத்தாள். "சரி, பத்துன்னா உங்களுக்கு என்ன?"

தினேஸ்வரி திரும்பி அப்பாவின் இடது காலைப் பார்த்தாள். செருப்பில் மூன்று விரல்தான் இருந்தது. அவளுக்கு எட்டு வயதாக இருந்தபோது பாமாயில் எடுக்கும் செம்பனைக் குலை ஒன்று காலில் விழுந்து மற்ற இரண்டும் போயின. சாக்கைச் சுற்றிக்கொண்டு அவரே லாரி வரைக்கும் நடந்தார்.

"அதுதான் பத்து" என்றாள். "எங்க வீட்டுல எல்லாருக்கும் அதுதான். அம்மாவுக்குத் தம்பி பொறந்ததே ஆறு."

ஷாமினி சிரிக்காமல் இருக்கப் பார்த்தாள். "அங்கிள், அன்னிக்கு ஆஸ்பத்திரில எத்தனை சொன்னீங்க?"

"ஏழு."

"ஏழா?" என்றாள் மகள். "ஏழுன்னா சொன்னீங்க?"

"பத்துன்னுட்டா அப்பறம் வேற ஏதாச்சும் வந்தா என்னலா சொல்றது?"

பத்து ஏழாகிவிட்டால் மூன்று எங்கே போய் நிற்கும்? தினேஸ்வரி விரல் மடக்கிப் பார்ப்பது இராமசாமிக்குத் தெரிந்தது.

ஷாமினி பேனாவை வைத்துவிட்டாள். "நம்பரே வேணாம். வீட்டுல படி எப்படி இறங்குறீங்க?"

"எல்லாரையும் மாதிரிதான்."

"இல்லலா" என்றார் இராமசாமி. "ஒரு மாசமா கம்பியப் புடிச்சுக்கிட்டுப் பக்கவாட்டுல இறங்குறா. ஆட்டத்துக்கு ஏதோ பழகுறான்னு நெனச்சேன்."

மகள் முறைத்த முறைப்பில் அவர் தரையைப் பார்த்தார்.

"எலும்புல கீறல் இருக்கும்னு சந்தேகம்" என்றாள் ஷாமினி. "ஆரம்பத்துல எக்ஸ்ரேல தெரியாது. ஸ்கேன் எடுக்கணும். அது வரைக்கும் ஆடக்கூடாது."

"ஒண்ணும் விழலையே, எப்படிக் கீறும்?"

"தட்டித் தட்டியே கீறும் அங்கிள். ஆடினதும் எலும்பு தானே சரி பண்ணிக்கப் பாக்கும். அதுக்குள்ள இவங்க மறுபடி தட்டி ஆடுறாங்க, அதுவும் சிமெண்டுல. நடுவுல ஒரு நாள் விட்டிருக்கணும்."

பால் சீவுகிற ரப்பர் மரத்துக்கு அப்படி விடுவார்கள். இன்று சீவிய மர நிரையை நாளைக்குத் தொட்டால் மேற்பார்க்கும் மண்டோர் தோலை உரித்துவிடுவான். ஆனால் ஆளுக்கு விட்டதில்லை. மரம் ஓய்கிற நாளில் ஆள் அடுத்த நிரைக்குப் போக வேண்டும். மகளின் காலை எதில் சேர்ப்பது, மரத்திலா ஆளிலா என்று இராமசாமிக்குப் புரியவில்லை.

"ஆடினா?" என்றாள் தினேஸ்வரி.

"மேடையிலேயே ரெண்டா போகலாம். போகாமலும் இருக்கலாம். இப்ப என்னால சொல்ல முடியாது."

வெளியே வந்ததும் படிக்கட்டின் மேல்படியில் மகள் நின்றுவிட்டாள்.

"டீச்சர்கிட்ட என்னான்னு சொல்றது? எக்ஸ்ரேல ஒண்ணும் இல்ல, எங்கயும் விழல, மூணுதான் வலிக்குது, ஆடமாட்டேன்னா? ஏழு வருஷம்பா."

தாஹான் பண்ணு என்று இராமசாமிக்கு வாய் வரைக்கும் வந்தது, விழுங்கினார். "ஏழுன்னு சொல்லு" என்றார்.

"அது பொய்தானே?"

"தெரியலலா."

அவர் ஒரு படி கீழே இறங்கித் தோளைக் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில், ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து இறங்கினாள். பதினெட்டுப் படி. தோளில் அவள் விரல் எவ்வளவு அழுந்தியது என்பதற்கு அவரிடம் நம்பர் இல்லை. கீழே வந்ததும் அவள் போனை எடுத்து டீச்சரைக் கூப்பிட்டாள்.

"டீச்சர்," என்றாள், "என்னால படி இறங்க முடியல."