ஆள் வருது

ஜன்னலோரச் சீட்டில் கைக்குட்டை கிடக்கிறது, ஓரத்தில் ஊதாப் பூ போட்ட வெள்ளைக் கைக்குட்டை, நான்தான் போட்டேன், வேன் வந்து நின்றதும் ஏறுவதற்கு முந்தி வெளியே நின்றபடியே ஜன்னலுக்குள் கையை விட்டுப் போட்டேன், அறுபதைத் தாண்டிய பொம்பளை செய்கிற காரியமா இது என்று டிரைவர் பார்த்தான், பார்க்கட்டும், சவம், இவனுக்கென்ன தெரியும், கல்லூரி பெஞ்சிலிருந்து இந்த வேன் வரைக்கும் ஆவுடைக்கு நான்தான் இடம் போடுவேன், போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வேன், இங்க ஆள் வருதா என்று யாராவது கேட்டால் ஆள் வருது என்பேன், இப்போதும் ஒருத்தி கேட்கிறாள், சங்கத்தில் புதிதாகச் சேர்ந்தவள், எங்களுக்கு ரொம்பப் பின்னால் அதே கல்லூரியில் படித்தவள், தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், அக்கா, இங்க ஆள் வருதா, நான் வாயைத் திறந்து ஆள் வருது என்று சொல்லியும்விட்டேன், சொன்ன பிறகுதான் உறைக்கிறது, யார் வருவது, ஆவுடை செத்துப்போய்விட்டாள், வைகாசியில் எரித்தோம், ஆவணி பிறந்துவிட்டது. அந்தப் பெண் வேறு சீட்டைத் தேடிக்கொண்டு நடுவழியில் கம்பியைப் பிடித்து நிற்கிறாள்.

அப்போதெல்லாம் அது பொய்யாக இருந்ததில்லை, ஆள் நிஜமாகவே வந்துகொண்டிருப்பாள், ஸ்ரீவைகுண்டத்திலிருந்து பாளையங்கோட்டைக்குத் திருச்செந்தூர் ரயிலில், அந்த வண்டி என்றைக்கு நேரத்துக்கு வந்தது, மாட்டுக்கு நிற்கும், மழைக்கு நிற்கும், ஒன்றுமில்லாததற்கும் நிற்கும், எங்களுக்கோ முதல் மணியே தமிழ் வகுப்பு, தமிழ் அம்மா தலை நிமிராமல் பேர் வாசிப்பார்கள், ப்ரசன்ட் மிஸ் எல்லாம் அங்கே செல்லாது, உள்ளேன் அம்மா என்றுதான் சொல்ல வேண்டும், நாங்களெல்லாம் உள்ளேம்மா என்று முனகி முடித்துவிடுவோம், ஆவுடைநாயகி மட்டும் உள்ளே...ன் என்று இழுத்து, அந்த அம்மாவை மேலே தூக்கி நிறுத்துவாள், குரலும் கட்டைக் குரல், கரகரவென்று இருக்கும், இதென்னம்மா, இருக்கேன்னு சொல்லுதியா, வாசல்ல நின்னு உள்ள வரட்டுமான்னு கேக்கியா என்று தமிழ் அம்மாவே ஒருநாள் தலை நிமிர்ந்து சிரித்துவிட்டார்கள். வண்டி தாமதமாகிற நாட்களில் அவளுக்காக நான் சொல்ல வேண்டும், அதற்கு அவளே எனக்குப் பாடம் எடுத்தாள், ஏட்டி, மூக்கால பேசாத, அடிவயித்துல இருந்து கொண்டா, இழு, இன்னும் இழு, இப்ப தூக்கு, தூக்குட்டி மூதி, வரிசையில் அவள் பேருக்கு அடுத்த பேர் என்னுடையது, முதலில் அவளாக உள்ளேன் என்பேன், மூச்சு விட்டுக்கொண்டு நானாக உள்ளேன் என்பேன், ரயில் செய்துங்கநல்லூரைக்கூடத் தாண்டியிருக்காது, ஆவுடை வகுப்புக்குள் இருப்பாள். இப்போது சில நாள் கனவில் அந்த ரயிலே வகுப்புக்குள் வந்து நிற்கிறது, பெஞ்சுகளுக்கு நடுவில் தண்டவாளம், ஜன்னலில் ஆவுடை, அதே பச்சைத் தாவணி, வாயை அசைத்து என்னமோ சொல்கிறாள், சத்தம் மட்டும் வரவில்லை, ஏட்டி சத்தமாச் சொல்லு என்று நான் கத்துகிறேன், விழித்துப் பார்த்தால் ஃபேன் சுற்றுகிறது.

கல்யாணம், பிள்ளைகள், மாற்றல், மாமியார் என்று ஆளுக்கொரு திசையில் போய், எல்லாம் ஓய்ந்து பாளையங்கோட்டைக்கே திரும்பி வந்தபோது ஹெப்சிபா அக்கா போன் போட்டாள், எங்களுக்கு இரண்டு வருஷம் மூத்தவள், அன்றைக்கும் தலைவி இன்றைக்கும் தலைவி, ஏ பிள்ளைகளா, பேரன் பேத்திக்கு மூக்குத் துடைச்சது போதும், மாசத்துல ஒரு நாள் வெளிய வாங்க என்றாள், அப்படித்தான் பழைய மாணவியர் சங்கம் உண்டாயிற்று, கிருஷ்ணாபுரத்துச் சிற்பம், தூத்துக்குடியில் நாடகம், கழுகுமலை, குற்றாலம், வீட்டு ஆண்கள் கிழவிகள் சங்கம் என்று கேலி செய்தார்கள், செய்துவிட்டுப் போகிறார்கள், பொறாமை. குற்றாலத்தில் உடை மாற்றப் போன ஒருத்தியை மறந்துவிட்டு வேன் தென்காசி வரைக்கும் வந்துவிட்டது, அன்றிலிருந்து வண்டி கிளம்புமுன் ஹெப்சிபா அக்கா கதவுப் படியில் நின்று பேர் கூப்பிடுவாள், தாள் கிடையாது, எல்லாம் மனப்பாடம், தமிழ் அம்மா மாதிரியே மூக்குக் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கூப்பிடுவாள், நாங்களும் பதினெட்டு வயசுக் குமரிகள் போல உள்ளேன் அம்மா என்போம், ஆவுடை இழுத்துத் தூக்குகிறபோது வேனே சிரிக்கும், உள்ள வாட்டி உள்ள வா என்று பின்சீட்டிலிருந்து பதில் வரும்.

பிறகு அவள் குரல் கம்மிற்று, சளி என்றாள், பனங்கற்கண்டு என்றாள், மிளகு என்றாள், மதுரையில் பார்த்தபோது தொண்டையில் புற்று என்றார்கள், குரல்வளையை எடுத்தால்தான் உயிர் என்றார்கள், எடுத்தார்கள், கழுத்தில் மூச்சு விட ஒரு துளை, அதன்மேல் வெள்ளைத் துணி. மகள் வெளியூரிலிருந்து ஒரு கருவி வாங்கி அனுப்பினாள், தாடையில் வைத்தால் பேசும், ஆவுடை ஒரே ஒரு வார்த்தை பேசிப் பார்த்துவிட்டு, தகரத்தைத் தரையில் இழுத்ததுபோல் அது கேட்டதும், அலமாரிக்குள் எறிந்தாள், அதற்கப்புறம் ஒரு வருஷம் தெருவில் கால் வைக்கவில்லை, காய்கறிக்காரி வந்தால்கூட உள்ளே போய்விடுவாள், நான்தான் கெஞ்சி, திட்டி, அழுது, கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்க வேனில் ஏற்றினேன், அவள் வீட்டுக்காரர் சங்கரலிங்கம் அண்ணாச்சி ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டுப் பிச்சிப்பூ வாங்கிக் கொடுத்தார். ஹெப்சிபா அக்கா பேர் கூப்பிட்டுக்கொண்டே வந்தாள், பழக்க தோஷம், ஆவுடைநாயகி என்று கூப்பிட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள், ஆவுடை மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், அப்போது என் வாய், நான் ஒன்றும் நினைக்கவில்லை, சத்தியமாக நினைக்கவில்லை, என் வாய் தானாகத் திறந்து உள்ளே...ன் அம்மா என்றது, அவள் குரலில், அவள் இழுப்பில், அவள் இழந்துவிட்ட அதே கரகரப்பில். எல்லோரும் திரும்பினார்கள், ஆவுடை திரும்பவில்லை, முகத்தை ஜன்னல் பக்கம் வைத்துக்கொண்டாள், நாங்குநேரி தாண்டியும் என்னைப் பார்க்கவில்லை, அய்யோ, என்ன காரியம் செய்துவிட்டேன், வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டேனே என்று என்னையே திட்டிக்கொண்டு வந்தேன்.

குளக்கரையில் மரமெல்லாம் நாரைகள், மஞ்சள் மூக்கு நாரை என்று எழுதிய பலகையை ஹெப்சிபா அக்கா சத்தமாக வாசித்தாள், இப்பறவைக்குப் பெரும்பாலும் குரல் கிடையாது, அலகைத் தட்டியே, அதோடு நிறுத்திவிட்டாள், அன்றைக்கு அவளுக்கு நாக்கில் சனி. ஆவுடை பலகையைப் பார்த்தாள், நாரையைப் பார்த்தாள், தோள் குலுங்கியது, அழுகிறாள் என்று ஓடினேன், சிரித்துக்கொண்டிருந்தாள், சத்தமில்லாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள், என்னைக் கிட்டத்தில் இழுத்து என் தொண்டைக் குழியில் விரலை வைத்து உதட்டை அசைத்தாள், இன்னொரு தடவ சொல்லுட்டி. சொன்னேன், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள், இன்னொரு தடவை, இன்னொரு தடவை, குளத்தில் பறவை பார்க்க வந்த சனம் எங்களைப் பார்த்தது. அப்புறம் என்ன, அவள் வாயசைப்பாள், நான் பேசுவேன், என்னைக் கேலி செய்யக்கூட என் வாயையே எடுத்துக்கொள்வாள், இந்த மூதிக்குச் சீலை எடுக்கத் தெரியாது, அரக்குல போயி பச்சை பார்டர் எடுத்திருக்கா பாருங்க என்று அவள் குரலில் என்னை நானே திட்டுவேன், வேன் அதிரும். வீட்டில் அண்ணாச்சி மனைவி பேசுவதை என் வாய் வழியாகக் கேட்பார், சில நேரம் நான் இருப்பதையே மறந்து அவளிடம் பதில் சொல்வார், நான் வாயை மட்டும் அங்கே விட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எங்களுக்கு அது சந்தோஷமான காலம்.

நோய் திரும்பி வந்தது, இந்தத் தடவை நெஞ்சில், ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஆவுடை பாதியாகக் கிடந்தாள், உதடு வெடித்து, அசைப்பதே பாடாக இருந்தது, குனிந்து பார்த்தேன், என்ன சொல்லுதாம்மா என்று அண்ணாச்சி கேட்டார், அவள் குரலில் சொன்னேன், ஏட்டி, சங்கத்து வேன்ல எனக்கு இடம் போட்டு வை, நான் வாரேன். அதுதான் கடைசி. பதினாறாம் நாள் விசேஷம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தபோது அண்ணாச்சி என் எதிரில் வந்து உட்கார்ந்தார், அவ பேசுன ரெக்கார்டு ஒண்ணுகூட இல்லம்மா, பழைய போன் மழை வெள்ளத்துல கீழ்வீட்டுச் சாமானோட போச்சு, இப்ப அவ குரல் இருக்கிறது உன் தொண்டையிலதான், ஒரே ஒரு தடவ, காப்பி குடிச்சாச்சான்னு கேளு, காலைல முதல் வார்த்தை அதான் கேப்பா என்றார். நான் அடிவயிற்றிலிருந்து கொண்டுவரப் பார்த்தேன், வந்தது என் குரல், அழுது மூக்கடைத்த என் சொந்தக் குரல், மறுபடி, மறுபடியும் அதுவே, விடும்மா, பரவால்ல, விடு என்று அவர்தான் எனக்குத் தண்ணீர் கொடுத்தார். அன்றிலிருந்து அது வரவே இல்லை, குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுச் சொல்லிப் பார்த்தேன், மொட்டைமாடியில் சொல்லிப் பார்த்தேன், இழுப்பு வருகிறது, தூக்கல் வருகிறது, அவள் வரவில்லை, உடம்பை எல்லோரும் சேர்ந்து எரித்தோம், குரலை நான் ஒருத்தி தொலைத்தேன், இனி இந்த உலகத்தில் அது எங்குமே இல்லை என்று நினைக்கையில் தலையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டலாம்போல இருக்கும், ஆனியிலும் ஆடியிலும் சங்கத்துக்குப் போகவில்லை, இன்றைக்கு மணப்பாடு, கடல் பார்க்க, வரலேன்னா வீட்டுக்கு வேனைக் கொண்டாந்துருவேன் என்று ஹெப்சிபா அக்கா மிரட்டியதால் வந்தேன்.

வந்து கைக்குட்டையும் போட்டுவிட்டேன், ஜன்னலுக்கு வெளியே ஸ்கூட்டர் நிற்கிறது, சங்கரலிங்கம் அண்ணாச்சி, ஹேண்டிலில் பூப்பொட்டலம், வழித்துச் சவரம் செய்த முகம் சிறுத்துப் போயிருக்கிறது, நீங்க எங்க அண்ணாச்சி இங்க, என்று கேட்டேன், சங்கத்துச் சனிக்கிழமைல்லா, பழக்கம், வண்டி தானா இங்க வந்துட்டு, பூவையும் வாங்கிப்பிட்டேன், என்ன செய்யன்னு தெரியல, நீ வச்சுக்கோம்மா, என்று கம்பிக்குள் நீட்டினார், வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன், பிச்சிப்பூ வாசம், கூந்தன்குளத்துக்குப் போன அன்றைக்கும் இதே வாசம், இது அந்த நாளா இந்த நாளா, ஆவுடை மடியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், இல்லை, கைக்குட்டைதான். ஹெப்சிபா அக்கா படியில் ஏறிக் கண்ணாடியை இறக்கிவிட்டாள், பேர் கூப்பிடுகிறாள், உள்ளேம்மா, உள்ளேம்மா, இறந்தவர்கள் பேரைச் சங்கத்தில் கூப்பிடுவதில்லை, ஆவுடையின் இடம் வந்ததும் அக்கா ஜன்னலோரத்தை ஒரு தடவை பார்த்தாள், அந்த இடத்தைத் தாண்டி அடுத்த பேருக்கு வந்தாள், என் பேருக்கு, என் பேரைத்தான் கூப்பிட்டாள், நான் வாயைத் திறந்தேன்.

உள்ளே...ன் அம்மா. நான் இழுக்கவில்லை, தூக்கவில்லை, அடிவயிறு, கட்டைக் குரல் எதையும் நினைக்கவில்லை, அதுவே வந்தது, கரகரவென்று, வாசலில் நின்று உள்ளே வரட்டுமா என்று கேட்கிற மாதிரி, ஹெப்சிபா அக்கா கண்ணாடியைக் கழற்றிவிட்டாள், பின்சீட்டில் யாரோ விம்மினார்கள், யாரோ நடுங்கிய குரலில் உள்ள வாட்டி என்றார்கள். வெளியே ஸ்கூட்டர் ஸ்டாண்டைத் தள்ளப்போன அண்ணாச்சி அப்படியே நின்றார், முகத்தைத் தூக்கி ஜன்னலைப் பார்த்தார், பயமாக இருந்தது, போய்விடுமோ, இந்த மூச்சோடு போய்விடுமோ என்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்டேன், காப்பி குடிச்சாச்சா. அவர் உதடு கோணிற்று, தெருவில் நிற்கிறோம் என்ற நினைப்பே இல்லாமல், ஆச்சு, ஆச்சு, குடிச்சாச்சு, நீ பாத்துப் போயிட்டு வா என்றார், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் ஆச்சு என்றார். வேன் உறுமியது, திருச்செந்தூர் ரோடு, செய்துங்கநல்லூர் வழியாக, அவள் தினமும் வந்த வழி, அந்தப் புதுப் பெண் இன்னும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தாள், பாவம், ஒன்றும் புரியாமல் அவளுக்கும் கண் கலங்கியிருந்தது, நான் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்து மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு, என் ஆயுசில் முதல் தடவையாக அந்த ஜன்னலோரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தேன், என் பழைய இடத்தைத் தட்டிக் காட்டி உக்காரும்மா என்றேன், ஆள் வருதுன்னீங்களே அக்கா என்று அவள் தயங்கினாள், ஆள் வந்தாச்சு என்றேன்.