விழுவதற்குத் தனித் தாள்

அன்று காலை மக்கரோனி குழைந்துபோயிருந்தது. காம்சிங் கரண்டியில் ஒன்றை எடுத்து உயரத் தூக்கிக் காட்டினான்.

"இது மக்கரோனியா, பல்லு முளைக்காத குழந்தைக்கு ஊட்டுற கூழா?"

"முப்பது வருசமா இதத்தான் வழிச்சு நக்கிட்டுப் போறே" என்றார் தேநீர்க்கடைக்காரர், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

"முப்பது வருசமா நானும் சொல்லிக்கிட்டுத்தானே இருக்கேன்."

அவன் மனைவி லாய்கூன் தன் ரொட்டியின் ஓரங்களைப் பிய்த்து அவன் தட்டுக்குத் தள்ளினாள். அவன் அவற்றைப் பால் டீயில் முக்கித் தின்றுவிட்டு எழுந்தான்.

"யோவ், வரும்போது பூண்டு வாங்கிட்டு வா. மறந்துடாத."

"நான் என்னைக்கு மறந்தேன்?"

"என்னைக்கு ஞாபகம் வச்சிருந்தே?"

அவன் சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளிக்கொண்டு போனான். குவுன் டோங் பகுதியில் ஒரு பழைய தொழிற்சாலைக் கட்டடம், அதன் பதினோராம் மாடியில் இருந்த படத் தயாரிப்பு அலுவலகத்தில் அவன் ஒரு தாளில் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது.

அந்தக் கட்டடத்தில் சரக்கு லிஃப்ட் ஒன்று உண்டு. காம்சிங் சண்டைக் கலைஞன். திரையில் செத்தே பிழைத்தவன். கத்திக் குத்து, ஈட்டிக் குத்து, பீப்பாய் வெடிப்பு என்று எதில் வேண்டுமானாலும் சாவான். மாதத்துக்கு ஒருமுறையாவது அந்த லிஃப்டில் நாக்கைத் தள்ளிக்கொண்டு மல்லாந்து கிடப்பான், கதவு திறந்ததும் யாராவது அலறுவதைக் கேட்க. கட்டடத்தில் எல்லோருக்கும் பழகிப்போய், அலறுவதை நிறுத்திப் பல வருடங்கள் ஆகியிருந்தன.

ஆகவே அன்று அவன் நிஜமாகவே விழுந்தபோது, லிஃப்ட் நான்கு தடவை மேலேயும் கீழேயும் போய் வந்தது. பதினோராம் மாடி அலுவலகப் பெண் "காலை வணக்கம், சிங் அண்ணே" என்று சொல்லி அவனைத் தாண்டிக்கொண்டு போனாள். மீன் உருண்டைக் கடைக்காரர் தன் தள்ளுவண்டியை அவனுக்குப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு ஆறு மாடி ஏறினார். காவலாளி சோய் தன் மேசையிலிருந்த திரையில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்தாவது தடவை கதவு திறந்தபோதுதான் போய்க் காலால் தட்டினார்.

"எந்திரிடா. காலங்காத்தாலயே ஆரம்பிச்சிட்டியா?"

இதயம் என்றார்கள் மருத்துவமனையில்.

இறுதிச் சடங்கில், செத்தவருக்குப் போய்ச் சேருமென்று காகிதப் பொருள்களை எரிக்கும் நேரம் வந்தது. காகித வீடு, காகிதக் கார், காகிதப் பால் டீக் குவளை எல்லாம் எரிந்து முடிந்தன. காம்சிங்கின் சண்டைக் குழுவை இப்போது நடத்துபவள் பிக்சாம், முப்பத்தாறு வயது, அவனிடம் பதினெட்டு வருடம் தொழில் கற்றவள். அவள் பதினோரு காகித மெத்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். விழும்போது அடியில் போடுகிற தடித்த மெத்தைகள். காகிதக்கடையில் சொல்லிச் செய்து வாங்கியிருந்தாள். ஓரத் தையல்கூட வரைந்திருந்தது.

லாய்கூன் அடுப்புக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"இது எதுக்கு?"

"அண்ணனுக்கு அங்க தேவைப்படுமே, அண்ணி."

"அங்க போயும் விழணுமா அவன்?"

மெத்தைகள் எரியாமல் வீட்டுக்குத் திரும்பி வந்து அலமாரிக்கு மேலே ஏறிக்கொண்டன.

நாற்பத்தொன்பது நாள் துக்கம் கழிந்ததும் தயாரிப்பாளர் ஹுயி ஒரு கூடை ஆரஞ்சுப் பழத்தோடு வந்தார். காம்சிங்கின் படத்துக்கு முன்னால் மூன்று ஊதுவத்தி ஏற்றிவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

விஷயம் பழையது. தொண்ணூற்று மூன்றில் ஒரு சின்ன நிறுவனம் 'எட்டு வாசல்' என்று ஒரு சண்டை வீடியோ கேம் செய்தது. மொட்டைத் துறவி, மூதரசி, கடற்கொள்ளைக்காரன், குருட்டு வைத்தியன், வெள்ளைக்காரக் குத்துச்சண்டைக்காரன் என்று எட்டு வீரர்கள். ஆளை நிறுத்தி நிஜமாகச் சண்டைபோட வைத்துப் படம் பிடித்து, அந்தப் படங்களையே ஆட்டத்துக்குள் ஏற்றினார்கள். எட்டுப் பேரைக் கூப்பிட வசதியில்லாததால் எட்டுப் பேராகவும் காம்சிங்கே நின்றான். கைக்கடிகாரத்தைக் கழற்ற மறந்துவிட்டான். அதனால் மூதரசி முதல் துறவி வரை எட்டுப் பேர் மணிக்கட்டிலும் ஒரே பிளாஸ்டிக் கடிகாரம்.

அந்த ஆட்டத்தைத் தின்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது நரை விழுகிறது. அவர்களுக்காக அதை ஹுயி நடிகர்களை வைத்துத் தொடராக எடுக்கிறார். ஆட்டத்தில் உள்ள ஒவ்வொரு அடியும் உதையும் அச்சு அசலாக அப்படியே வர வேண்டும் என்று நாற்பதாயிரம் பேர் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார்கள். கடிகாரமும் வர வேண்டுமாம். கதையாசிரியர் அதற்கு 'காலத்தை அடக்கும் தாயத்து' என்று பெயர் வைத்து ஒரு பகுதி முழுக்க எழுதிவிட்டார்.

"அடி, உதை, தாவல் எல்லாம் எங்ககிட்ட இருக்கு, அண்ணி. அன்னைக்கே எழுதி வாங்கியாச்சு" என்றார் ஹுயி. "விழுறதுதான்…"

சண்டைக் குழுக்களில் ஒரு வழக்கம் உண்டு. அடிப்பதும் உதைப்பதும் தாவுவதும் அன்றைய வேலையோடு சேர்ந்தவை. விழுவது சேராது. மேசையிலிருந்து விழ வந்தவனை அதே நாளில் இரண்டாம் மாடியிலிருந்தும் தள்ளிவிடும் ஆட்கள் இருந்த தொழில் அது. அதனால் ஒவ்வொரு விழுதலுக்கும் தனித் தாள். எவ்வளவு உயரம், எந்தத் தோள் முதலில் படும், கீழே என்ன இருக்கும், எந்தப் படத்துக்கு. காம்சிங் தன் கோணல் கையெழுத்தில் தாளின் அடியில் எழுதியிருந்தான்: இந்த ஆட்டத்துக்கு மட்டும்.

செத்த அன்று காலை அவன் போனது, தொடருக்கான புதுத் தாளில் கையெழுத்துப் போட. பதினோராம் மாடிக்குப் போய்ச் சேரவில்லை.

"அப்ப அவன் விழுறதெல்லாம் இப்ப யாருது?" என்று கேட்டாள் லாய்கூன்.

"உங்களுதுதான், அண்ணி. வாரிசு நீங்கதானே."

அவள் யோசித்தாள். முப்பத்திரண்டு வருடம் தினமும் சாயங்காலம் அவன் முதுகில் மருந்துத் தைலம் தேய்த்திருக்கிறாள். எந்தக் காயம் எந்தப் படத்தது என்று கேட்டதில்லை. அவன் நடித்த ஒன்றைக்கூட அவள் பார்த்ததும் இல்லை. விழுவதைப் பார்க்க முடியாது என்பாள். லிஃப்டில் விழுந்ததைத்தான் நான்கு மாடிக்காரர்கள் பார்த்தாயிற்று.

"தர மாட்டேன். அவன் விழுந்தது போதும்."

"அண்ணி, நடிகர்கள்தானே விழப்போறாங்க. அவரு விழுந்த மாதிரி."

"அவன் மாதிரின்னா அவன்தான். பழத்த எடுத்துட்டுப் போங்க, எனக்குப் புளிப்பு ஆகாது."

ஹுயியிடம் வாடகைக்கு எடுத்த தளம், வாக்குக் கொடுத்த நடிகர்கள், குறித்த தேதி எல்லாம் இருந்தன. வேறு விதமாக விழவைத்தால் நாற்பதாயிரம் பேர் கொடும்பாவி கொளுத்துவார்கள். ஆகவே விழாமலேயே எடுக்க ஆரம்பித்தார்.

படப்பிடிப்பு அதே கட்டடத்தின் பன்னிரண்டாம் மாடியில். அங்கே நடந்ததைப் பிக்சாம் வாரத்துக்கு ஒருமுறை வந்து சொல்வாள். முதல் பகுதியில் மொட்டைத் துறவி ஓர் எதிரியைக் குத்துகிறார். அவன் மூன்று சுவர்களை உடைத்துக்கொண்டு பின்னால் போகிறான், நின்ற வாக்கில், தெருவில் பேருந்துக்குக் காத்திருப்பவன் மாதிரி. கதையாசிரியர் உடனே 'மலைவேர் நிலை' என்று ஒரு வித்தையைக் கண்டுபிடித்தார். இரண்டாம் பகுதிக்குள் கதையில் வரும் நாட்டில் எல்லோருக்கும் அந்த வித்தை தெரிந்திருந்தது, காய்கறிக்காரிக்கு உட்பட.

மூன்றாம் பகுதியில் கூரைமேல் சண்டை. மூதரசி கடற்கொள்ளைக்காரனை மார்பில் உதைக்கிறாள். ஆட்டத்தில் அவன் பின்புறமாகக் கரணம் போட்டுத் தெருவில் விழுவான். தொடரில் அவன் மார்பைத் தடவிக்கொண்டு, "நல்ல உதை" என்று தலையாட்டிவிட்டு, படிக்கட்டு வழியாக இறங்கிப் போய், தெருவில் நின்றபடியே செத்தான்.

அதில் ஒரு தகராறு வந்தது. சாகும் வேடம் போட்டவருக்குப் பீடை கழியப் பணம் வைத்த சிவப்பு உறை கொடுக்க வேண்டும். உறைகளை வைத்திருந்த அம்மாள் கொடுக்க மறுத்துவிட்டாள்.

"படுத்தாத்தான் சாவு. இவன் நிக்கிறானே!"

"நான் செத்துட்டேன், அக்கா!"

"செத்தவன் இவ்வளவு பேச மாட்டான்."

"அப்ப நான் வீட்டுக்கு மனுசனாப் போகவா, பொணமாப் போகவா? என் பொண்டாட்டி வாசல்லயே நிறுத்திடுவா!"

அன்று பிற்பகல் முழுக்க வேலை நடக்கவில்லை.

லாய்கூன் இதைக் கேட்டு, காம்சிங் போன பிறகு முதல் தடவையாக வாய்விட்டுச் சிரித்தாள். பிக்சாம் சிரிக்கவில்லை.

"அண்ணி, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"அடிக்கிறத யாரு வேணா சொல்லித் தருவாங்க. அண்ணன் எங்களுக்குச் சொல்லித் தந்தது விழுறது ஒண்ணுதான். தாடைய மார்போட ஒட்டணும், தரை தொடுறப்ப மூச்சை விடணும், கண்ண மூடக் கூடாது. அதை எடுத்துட்டா இந்தத் தொடர்ல அவரு எங்க இருக்காரு? ஒரு கைக்கடிகாரம்தான் இருக்கு."

லாய்கூன் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினாள். கழுவிய பாத்திரங்களையே மறுபடி கழுவினாள்.

மறுநாள் பிக்சாம் ஒரு மடிக்கணினியோடு வந்தாள். பழைய நிறுவனத்தின் பெட்டிகளில் முழு ஒளிநாடா கிடைத்திருந்தது. ஆட்டத்துக்காக ஒவ்வொரு விழுதலையும் முதுகு தரையில் படுகிற இடத்தில் வெட்டியிருந்தார்கள். நாடாவில் வெட்டவில்லை.

"பாக்க மாட்டேன்."

"நீங்க பாக்க வேணாம். நான் பாக்கிறேன். நீங்க பக்கத்துல உக்காருங்க, போதும்."

பக்கத்தில் உட்கார்ந்தவள் பார்க்காமல் எப்படி இருப்பாள்? முப்பத்து மூன்று வயதுக் காம்சிங் மொட்டைத்தலைத் தொப்பியோடு காற்றில் பறந்து இடது தோளில் விழுந்தான். லாய்கூன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவன் அசையாமல் கிடந்தான். ஒன்று. இரண்டு. பிறகு ஒருக்களித்துப் புரண்டு, எழுந்து, முழங்காலைத் தட்டிக்கொண்டு நேராகப் பார்த்துக் கேட்டான்: "சரியா வந்துச்சா? இன்னொண்ணு வேணுமா?"

கொள்ளைக்காரன் விழுந்தான், எழுந்தான், தட்டிக்கொண்டான். சரியா வந்துச்சா? குருட்டு வைத்தியன் விழுந்தான், எழுந்தான். முகமெல்லாம் மாவு பூசிய வெள்ளைக்காரன் தும்மிக்கொண்டே எழுந்தான். அடுத்தது மூதரசி. பின்னலும் கிரீடமுமாக விழுந்து எழுந்து, நழுவிய பட்டாடையை இடுப்பில் இழுத்துச் செருகினாள்.

லாய்கூன் எழுந்து நின்றுவிட்டாள்.

"அது என் பச்சைப் போர்வை!"

"என்ன, அண்ணி?"

"என் கல்யாணப் போர்வை! எங்கம்மா கொடுத்தது! சலவைக்காரன் தொலைச்சிட்டான்னு சொன்னான்! நான் போய் அந்தச் சலவைக்காரனோட தெருவுல நின்னு சண்ட போட்டேன், பிக்சாம். அந்தாளு பொண்டாட்டி அழுதா. இவன் பக்கத்துல நின்னு 'விடு, விடு, போனாப் போகுது'ங்கிறான், பெரிய மகான் மாதிரி!" அவள் திரையை விரலால் குத்தினாள். "திருட்டு ராஸ்கல்! அத இடுப்புல சுத்திக்கிட்டுத் தரையில உருண்டிருக்கான்!"

திரையில் மூதரசி முழங்காலைத் தட்டிக்கொண்டாள். சரியா வந்துச்சா? இன்னொண்ணு வேணுமா?

அன்று மாலை வரை அவள் அவனைத் திட்டினாள். அவன் செத்த பிறகு அவனைத் திட்ட அதுவரை அவளுக்கு ஒன்றும் கிடைத்திருக்கவில்லை. இடையில் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று பிக்சாமுக்குத் தெரியவில்லை. திட்டும் நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

அடுத்த திங்கட்கிழமை அவளே பதினோராம் மாடிக்குப் போனாள், படியேறி. ஹுயி கணினியில் அடித்து வைத்திருந்த தாளைத் தள்ளிவிட்டு, குழு வழக்கப்படி தன் கையால் எழுதினாள். எட்டு விழுதல்கள், உயரம், தோள், கீழே மெத்தை. பிக்சாம் சொல்லச் சொல்ல எழுதினாள். கடைசியில் யாரும் சொல்லாத ஒரு வரி: விழுந்தவர் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொள்ளும் வரை காட்சியை வெட்டக் கூடாது.

ஹுயி அதை இரண்டு தடவை படித்தார்.

"அண்ணி, வில்லன் செத்துட்டான். அவன் செத்ததுக்காக ஊரே விளக்கேத்துது. அப்ப அவன் எந்திரிச்சு முழங்காலத் தட்டினா கதை என்ன ஆகிறது?"

"உங்க கதையாசிரியர் கெட்டிக்காரர்தானே. மலைவேர் நிலை கண்டுபிடிச்சாரு. இதுக்கும் ஒண்ணு கண்டுபிடிப்பாரு."

"பாக்கிறவங்க சிரிப்பாங்களே!"

"சிரிக்கட்டும். வேணும்னா கையெழுத்துப் போடுங்க, இல்லன்னா எல்லாரையும் நிக்க வச்சே சாகடிங்க."

ஹுயி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலே பன்னிரண்டாம் மாடியிலிருந்து யாரோ கத்துவது கேட்டது, சிவப்பு உறை விஷயமாகத்தான் இருக்கும். அவர் கையெழுத்துப் போட்டார்.

பிற்பகலே முதல் காட்சியை எடுத்தார்கள். லாய்கூன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியில் உட்கார்ந்து பார்த்தாள். கொள்ளைக்காரனுக்கு உதை விழுந்தது. வேடம் போட்டவன் பறந்தான். தாடை மார்போடு ஒட்டியிருந்தது. இடது தோள் முதலில் பட்டது, மூச்சு சத்தமாக வெளியே வந்தது. அவள் கண்ணை மூடவில்லை. ஒன்று. இரண்டு. அவன் புரண்டு எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, செத்த முகத்தோடு நின்றான். ஊர் மக்களாக நடித்த இருபது பேர் என்ன செய்வதென்று தெரியாமல் விளக்கேற்றினார்கள். உறை வைத்திருந்த அம்மாள் ஓடி வந்து அவன் கையில் சிவப்பு உறையைத் திணித்தாள்.

"இது சாவு. இத ஒத்துக்கிறேன்."

லாய்கூன் நான்கு மணிக்குக் கீழே இறங்கினாள். வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு நேராக வெளியேறிய நேரத்தை எழுதினாள். காவலாளி சோய் எழுந்து நின்றிருந்தார். அவளைக் கண்டால் அவர் இப்போதெல்லாம் உட்காருவதில்லை. தயங்கிவிட்டு, கீழ் இழுப்பறையிலிருந்து நிரம்பிப்போன பழைய பதிவேட்டை எடுத்து, அடையாளம் வைத்திருந்த பக்கத்தைத் திறந்தார்.

"இதை என்ன பண்றதுன்னு தெரியல. ஆம்புலன்ஸ் பத்து இருபதுக்குக் கிளம்புச்சு. வெளிய போன நேரம்னு எழுதிடவா, அண்ணி? வேற யாரக் கேக்குறதுன்னு தெரியல."

கோணல் கையெழுத்து. யாவ் காம்சிங், பதினோராம் மாடி, உள்ளே வந்த நேரம் ஒன்பது இருபத்தைந்து.

"இருக்கட்டும்" என்றாள்.

அவர் பதிவேட்டை மூடி உள்ளே வைத்தார். அந்தப் பக்கத்தில் மற்ற எல்லா வரிகளிலும் நான்கு கட்டங்கள் நிரம்பியிருக்கின்றன. அந்த ஒரு வரியில் மூன்று.